ஐந்நூற்றெட்டாம் எண் உப்பு

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தபோதுதான் சுடர்விழிக்கு அந்தச் செய்தி தெரிந்தது. அதுவும் பேச்சோடு பேச்சாக.

"சாயங்காலம் வரும்போது அந்தக் கஞ்சி மாவு இன்னும் பத்துப் பாக்கெட் எடுத்துட்டு வாம்மா," என்றாள் அவள் அம்மா காளியம்மாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "மாமாவுக்குத் தீந்துபோச்சாம்."

"எந்த மாமாவுக்கு?"

"உனக்கு எத்தனை மாமா இருக்காங்க? அடுத்த தெரு பஞ்சநதம் மாமாவுக்குத்தான். செவ்வாக்கிழமை டயாலிசிஸ் முடிஞ்சு வந்ததுலேருந்து மூணு வேளையும் அதைத்தான் குடிக்கிறாங்க. உப்பு கம்மின்னு நீதானே சொன்ன?"

சுடர்விழியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, மாமாவுக்கு நீயா குடுத்த?"

"நான் குடுக்காம யாரு குடுப்பா? தெருவுல எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு குடுத்தேன். என் பொண்ணு செஞ்ச மாவுன்னு சொல்லித்தான் குடுத்தேன். அண்ணனுக்கு மட்டும் ஒரு பெட்டியா குடுத்துட்டேன். என்னடி, ஏன் எந்திரிக்கிற?"

அவள் கையைக் கழுவவில்லை. துணிக் கொடியில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள்.

பாபநாசத்துக்கு வெளியே, தஞ்சாவூர் சாலையை ஒட்டி இருக்கும் உணவுத் தொழிற்சாலையில் சுடர்விழி தர அதிகாரி. முதலாளி ரகுராமன் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வந்து, தாத்தா காலத்து ரைஸ் மில்லை இடித்துக் கட்டிய தொழிற்சாலை அது. அந்தக் குடும்பத்தின் வயல்களில் காளியம்மாள் இருபது வருஷம் நாற்று நட்டிருக்கிறாள். அவள் மகள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அதே குடும்பத்தின் தொழிற்சாலைக்குள் போய் 'இது சரி, இது சரியில்லை' என்று சொல்கிறாள் என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அந்தக் கஞ்சி மாவு சுடர்விழியின் எட்டு மாத உழைப்பு. உடனடிக் கஞ்சி மாவு, சூப் மாவு, சேமியா மசாலா எதை எடுத்தாலும் உப்பு மண்டிக் கிடக்கிறது, டெல்டாவில் வீட்டுக்கு ஒரு ரத்தக்கொதிப்பு என்று ரகுராமனிடம் சொல்லி, உப்பைப் பாதியாகக் குறைத்த ஒரு கஞ்சி மாவு செய்யலாம் என்று கேட்டவள் அவள்தான். கூடவே கால்சியமும் சேர்க்கலாம், முட்டி தேய்ந்த பெண்களுக்கு உதவும் என்றாள். கால்சியம் முதலில் நாக்கில் சுண்ணாம்புபோல நறநறத்தது. மாவை இன்னும் நைசாக அரைத்து அதைச் சரிசெய்தாள். உப்பைக் குறைத்தபோது கஞ்சி சப்பென்று போயிற்று. குடித்துப் பார்த்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். கடைசியில், குறைத்த உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தாள். பார்க்க உப்பு மாதிரியே இருக்கும், உப்பின் சுவையும் வரும், ரத்தக்கொதிப்பு ஏறாது. எல்லாருக்கும் நல்லதுதான். சிறுநீரகம் கெட்டவர்களைத் தவிர.

அவர்கள் உடம்பு பொட்டாசியத்தை வெளியேற்றாது. அது ரத்தத்தில் தேங்கி இதயத்தைப் பிடிக்கும். அதனால்தான் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே ஒரு வரி போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தாள்: 'சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை உண்ணக் கூடாது.'

அச்சுக்குப் போவதற்கு முன் மாதிரி வந்தபோது அந்த வரி இல்லை. கேட்டாள்.

"மருந்து பாட்டில் மாதிரி இருக்கு, சுடர்விழி. கஞ்சி குடிக்க வர்றவங்க பயந்துருவாங்க," என்றார் ரகுராமன். "பின்னாடி சேர்மானத்துல எல்லாம் இருக்கே. சட்டப்படி அது போதும்."

பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், 'மினரல் சால்ட் 508' என்று இருந்தது. ஐந்நூற்றெட்டு என்றால் பொட்டாசியம் குளோரைடு என்று உணவுத் தொழில் படித்தவர்களுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்?

அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மனசு ஒப்பாமல்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த அச்சில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாதிரித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

*

பஞ்சநதம் கட்டிலில் படுத்திருந்தார். கும்பகோணம் – தஞ்சாவூர் பேருந்தில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்த மனிதர். மனைவி இறந்துவிட்டாள். மகன் நெடுமாறன் சிங்கப்பூரில் வேலை. இரண்டு வருஷமாக வாரம் இரண்டு டயாலிசிஸ். அவரே பஸ் ஏறித் தஞ்சாவூர் போய் அவரே திரும்பி வருவார்.

"வா சுடரு. என்ன இந்நேரத்துல?"

"எப்படி இருக்கீங்க மாமா?"

"காலு ரெண்டும் மூட்டை கட்டித் தொங்கவிட்ட மாதிரி கனக்குது. காலையிலேருந்து எந்திரிக்கவே சோம்பலா இருக்கு. நாளைக்கு டயாலிசிஸ் போனா சரியாப்போயிரும்."

அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மேசை மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு. நடுவில் ஒரு துடிப்பு வர வேண்டிய இடத்தில் வரவே இல்லை.

"மாமா, இப்பவே கெளம்பணும்."

"நாளைக்குத்தானே முறை? நடுவுல போனா அங்க மெஷின் இருக்காது பாப்பா."

"இருக்கும். நான் பேசுறேன். மாமா, அந்தக் கஞ்சி எத்தனை பாக்கெட் குடிச்சீங்க?"

"ஒரு வேளைக்கு ஒண்ணு. நேத்து ராத்திரி பசி தாங்காம ரெண்டு கரைச்சுக் குடிச்சேன். நல்லா இருக்கும்மா, நெசமாவே நல்லா இருக்கு." குரல் மெதுவாக வந்தது. "நான் எதையும் படிக்காம வாயில வைக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும்ல? இளநி கூடாது, வாழப்பழம் கூடாது, தக்காளி கூடாது. டாக்டர் குடுத்த லிஸ்ட்டு செவுத்துலயே ஒட்டியிருக்கு பாரு. பாக்கெட்டையும் முழுக்கப் படிச்சேன். அதுல பொட்டாசியம்னு எங்கயும் இல்ல. ஐந்நூத்தியெட்டுன்னு ஒரு நம்பருதான் இருந்துச்சு. அது என்னான்னு உன்கிட்ட கேக்கணும்னு நெனச்சேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்து மீரா உசேனைக் கூப்பிட்டாள். பஸ் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டுபவர். மாமாவோடு பழக்கம் உள்ளவர். ஆம்புலன்சுக்கும் சொன்னாள். வண்டி வலங்கைமான் பக்கம் போயிருப்பதாகவும் அரை மணி ஆகும் என்றும் சொன்னார்கள். மீரா உசேன் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார். அவரும் சுடர்விழியும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித்தான் மாமாவைக் காரில் ஏற்ற முடிந்தது. கால்கள் தரையில் இழுபட்டன. காளியம்மாள் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

கார் நகர்ந்ததும் சுடர்விழி ரகுராமனுக்குப் போன் போட்டாள்.

"சார், எங்க மாமா டயாலிசிஸ் பேஷண்ட். நம்ம கஞ்சியை மூணு நாளா குடிச்சிருக்காங்க. பல்ஸ் இறங்கிப்போச்சு. தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ட்டிருக்கேன். சாயங்காலம் கும்பகோணத்துக்கு வண்டி போகக்கூடாது."

மறுநாள் சனிக்கிழமை கும்பகோணத்தில் ஒரு ரத்தக்கொதிப்பு முகாம். வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்க அறுநூறு பாக்கெட்டுகள் நான்கு மணிக்குக் கிளம்புவதாக இருந்தன.

"முதல்ல அவரை நல்லா பாருங்க. அதுதான் முக்கியம்," என்றார் ரகுராமன். "ஆனா, சுடர்விழி, டயாலிசிஸ் பேஷண்டுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ரிசல்ட் வராம நாம அவசரப்படக் கூடாது. அடுத்த பேட்சுல ஸ்டிக்கர் ஒட்டிரலாம்."

"ரத்தக்கொதிப்புக்காரங்கள்ல நெறையப் பேருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கும் சார். முகாமுக்கு வர்றதே அவங்கதான்."

"ரிசல்ட் வரட்டும்னு சொல்றேன்."

போன் துண்டிக்கப்பட்டது. அவள் உடனே ஸ்டோர் பொறுப்பில் இருக்கும் தமிழ்நிலாவைக் கூப்பிட்டாள்.

"தமிழ், என் மேசை டிராயர்ல சிவப்பு அட்டை இருக்கும். கஞ்சி மாவு மொத்தத்துக்கும் மாட்டிரு. வண்டியில ஏத்தினதையும் இறக்கு. 'தர அதிகாரி உத்தரவு, நிறுத்தி வைக்கவும்'னு எழுதி என் பேரு, நேரம் போடு. போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு."

"அக்கா, சாருக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒத்துக்கல. சிவப்பு அட்டை மாட்டினா என் கையெழுத்து இல்லாம எடுக்க முடியாதுன்னு அவரு போட்ட ரூல்தான். நீ மாட்டு."

அய்யம்பேட்டைக்கு முன்னால் கார் நின்றது. சாலையின் குறுக்கே நெல் மூட்டைகள். மூட்டைகளின் மேலும் சுற்றிலும் ஐம்பது அறுபது பேர். குறுவை நெல் அறுத்து இருபது நாளாகிறது, கொள்முதல் ஆகவில்லை, மழையில் நனைந்து முளைவிட்டுவிட்டது என்று மறியல். இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கி நின்றன. மீரா உசேன் ஹாரனை அழுத்தினார்.

ஓர் ஆள் வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஆம்புலன்ஸ்னா விடுவோம். காருக்கெல்லாம் வழிவிட்டா மறியல் எதுக்கு? ஆளாளுக்கு அவசரம்னுதான் சொல்றாங்க."

சுடர்விழி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் காளியம்மாள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். வெறுங்காலோடு மூட்டைகளுக்கு நடுவே போய் நின்றாள்.

"ஏப்பா, நீங்க முளைவிட்ட நெல்லுக்காக உக்காந்திருக்கீங்க. நானும் நட்டவதான், அறுத்தவதான். உங்க வயித்தெரிச்சல் எனக்குத் தெரியாமயா இருக்கும்? உள்ள கெடக்குறது என் அண்ணன். பஞ்சநதம் கண்டக்டரு. மூச்சு நின்னா அப்பறம் வழிவிட்டு என்ன பண்ணப்போறீங்க?"

"எந்தக் கண்டக்டரு?" கூட்டத்திலிருந்து நரைத்த ஆள் ஒருவர் எழுந்து வந்து காருக்குள் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பிக் கத்தினார். "நம்ம பஞ்சநதம்டா! தூக்குங்கடா மூட்டையை!"

மூன்று மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். கார் நுழையும் அளவுக்கு வழி வந்தது. அந்த நாலு நிமிஷமும் சுடர்விழி மாமாவின் மணிக்கட்டை விடவில்லை. முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினாள். முப்பத்தாறு.

*

டயாலிசிஸ் செய்யும் அதே மருத்துவமனைதான். டாக்டர் பூர்ணிமா இளவயதுக்காரர். இதயத் துடிப்பின் படம் வந்த தாளைப் பார்த்ததும் அவர் நடையே மாறிவிட்டது.

"என்ன சாப்பிட்டார்? இளநீரா?"

"இல்ல டாக்டர். பொட்டாசியம் குளோரைடு. ஒரு பாக்கெட்டுல ஐந்நூறு மில்லிகிராமுக்கு மேல பொட்டாசியம். செவ்வாய் சாயங்காலத்துலேருந்து இன்னிக்குக் காலை வரைக்கும், ஒம்பது பத்துப் பாக்கெட்."

"இவ்வளவு கணக்கா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அதைச் செஞ்சேன்."

டாக்டர் ஒரு வினாடி அவளைப் பார்த்தார். பிறகு செவிலியரிடம் திரும்பி வேகமாகச் சொல்லத் தொடங்கினார். ரத்த முடிவுக்குக் காத்திருக்கவில்லை. நரம்பில் முதலில் ஏறியது கால்சியம். "இது பொட்டாசியத்தை வெளியேத்தாது," என்றார், ஊசியை மெதுவாக அழுத்திக்கொண்டே. "இதயத்தை மட்டும் கொஞ்ச நேரம் காப்பாத்தும். அதுக்குள்ள மெஷினுக்குக் கொண்டுபோயிரணும்." பிறகு இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். திரையில் அகலமாக, கோணலாக ஓடிக்கொண்டிருந்த கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கியது. மாமாவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள்.

காளியம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு காலிப் பாக்கெட். எப்போது எடுத்துவந்தாளோ தெரியவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. பாக்கெட்டை மகளிடம் நீட்டினாள்.

"அண்ணன் மாதிரி ஆளுங்க சாப்பிடக் கூடாதுன்னு இதுல எங்க எழுதியிருக்கு? காட்டு."

"எழுதலம்மா."

"ஏன் எழுதல?"

"எழுதினேன். எடுத்துட்டாங்க. எடுத்ததைப் பாத்துட்டும் நான் கையெழுத்துப் போட்டேன்."

காளியம்மாள் மகளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பாக்கெட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்: "வீடு வீடா நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். என் கையால."

மூன்றே முக்காலுக்குத் தமிழ்நிலாவின் போன் வந்தது. அழுகிற குரல்.

"அக்கா, அட்டையை எடுக்கச் சொல்றாரு. வண்டி நிக்குதுன்னு கத்துறாரு."

"எடுத்தியா?"

"இல்ல. நீங்க சொன்னீங்கன்னு போட்டோ எடுத்துட்டேன். ஆனா என்னால ரொம்ப நேரம்…"

"ஸ்டோரைப் பூட்டிச் சாவியை எடுத்துட்டு வீட்டுக்குப் போ. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. உனக்கு ஒண்ணும் வராது. வந்தா என் தலையில வரட்டும்."

பத்து நிமிஷம் கழித்து ரத்த முடிவு வந்தது. பொட்டாசியம் ஏழு புள்ளி நான்கு. ஐந்தரையைத் தாண்டினாலே ஆபத்து. அந்தத் தாளைப் படமெடுத்து ரகுராமனுக்கு அனுப்பினாள். கூடவே தான் முதலில் எழுதிக்கொடுத்த லேபிளையும் அச்சான லேபிளையும் அனுப்பினாள். கீழே எழுதினாள்: 'ஆறு மணிக்குள் எல்லாக் கடைகளிலிருந்தும் திரும்பப் பெற நீங்கள் சொல்லவில்லை என்றால், இதே மூன்று படங்களையும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்புவேன். சொன்னாலும் அனுப்புவேன். நீங்களே முன்வந்து திரும்பப் பெறச் சொன்னீர்கள் என்று அதில் எழுத ஆசைப்படுகிறேன்.'

பதில் வரவில்லை. ஐந்தேகால் ஆயிற்று. ஐந்தரை. அவள் தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள். டயாலிசிஸ் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் நின்று பார்த்தாள்.

ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரகுராமனே வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மறியலில் காரை விட்டுவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து, வேறு யாருடைய பைக்கிலோ ஏறி வந்திருக்கிறார். காளியம்மாள் பழக்கத்தில் பெஞ்சிலிருந்து எழப்போனாள். பிறகு ஏனோ எழாமல் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

"எப்படி இருக்கார்?"

"மெஷின்ல இருக்காரு. பிழைச்சுருவாருன்னு சொல்றாங்க."

அவர் சுவரில் சாய்ந்தார். "நீங்க என்னை மிரட்டியிருக்க வேண்டாம், சுடர்விழி."

"மிரட்டலேன்னா வந்திருப்பீங்களா சார்?"

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "வெளியே தெரிஞ்சா கம்பெனியை மூட வேண்டியதுதான். நாப்பது பெண்கள் வேலை செய்றாங்க. உங்க தெருவிலேருந்தே ஒம்பது பேர்."

"தெரியும் சார். அதனாலதான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நீங்க மட்டும் செஞ்சதுன்னு நான் எழுத மாட்டேன். அந்த வரியை எடுத்தது நீங்க, ஒத்துக்கிட்டது நான்னுதான் எழுதுவேன். ஆனா எழுதாம இருக்க முடியாது."

அப்போது காளியம்மாள் வாய் திறந்தாள். "தம்பி, உள்ள போய் அண்ணனைப் பாத்துட்டு வாங்க. பாத்துட்டு வந்து பேசுங்க."

அவர் தயங்கினார். பிறகு போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பஞ்சநதத்தின் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியே மெஷினுக்குப் போய்ச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அவர் கண் மூடியிருந்தார். ரகுராமன் எத்தனை நேரம் நின்றாரோ, சுடர்விழி கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது போன் அவர் காதில் இருந்தது. முகாம் நடத்துபவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க, தாமதம் இல்லை. தரவே போறதில்லை. பொருள்ல தப்பு இருக்கு. ஆமாம், எங்க தப்புதான்."

*

அன்று இரவு பத்து மணிவரை சுடர்விழியும் ரகுராமனும் அதே பெஞ்சில் உட்கார்ந்து கடைகளுக்குப் போன் போட்டார்கள். மொத்தம் நாற்பத்தொரு கடை. பாதிப் பேர் உடனே எடுத்துவைப்பதாகச் சொன்னார்கள். சிலர் கோபப்பட்டார்கள். திருவையாற்றுக் கடைக்காரர் ஒருவர், "நேத்துதான் பேப்பர்ல விளம்பரம் போட்டீங்க, இன்னிக்கு விஷம்ங்கிறீங்க?" என்று கத்தினார். விஷமில்லை என்று விளக்கப் போன ரகுராமனின் கையிலிருந்து போனை வாங்கிச் சுடர்விழி சொன்னாள்: "சில பேருக்கு விஷம்தாங்க. தயவுசெஞ்சு எடுத்து வச்சிருங்க."

பஞ்சநதம் நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார். நடந்தது முழுவதையும் சுடர்விழி அவர் கட்டிலோரம் உட்கார்ந்து ஒளிக்காமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பத்து நாள் அவளோடு பேசவில்லை. பதினோராம் நாள் அவரே கூப்பிட்டு, புது லேபிள் எப்படி வந்திருக்கிறது, காட்டு என்றார். படித்துப் பார்த்துவிட்டு, "பஸ்ல போற வயசானவன் கண்ணாடி போடாம படிக்கிற அளவுக்கு எழுத்து பெருசா இருக்கணும்," என்றார். எழுத்து பெரிதாக்கப்பட்டது.

உணவுப் பாதுகாப்பு அலுவலகம் கம்பெனிக்கு அபராதம் போட்டது. சுடர்விழிக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை. தொழிற்சாலை இரண்டு மாதம் கஞ்சி மாவு செய்யவில்லை. ரகுராமன் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை; ஆனால் வேலை தவிர வேறு பேச்சும் இல்லை. முன்போல மத்தியானம் ஆய்வறைக்கு வந்து ருசி பார்த்து வம்பளப்பதும் நின்றுபோயிற்று. காளியம்மாள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், கொடுத்த பாக்கெட்டுகளைத் திரும்ப வாங்கி வந்தாள். யார் யார் வீட்டில் பிரித்துவிட்டார்கள், யாருக்கு என்ன வியாதி என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு மகளிடம் சொன்னாள்.

கடைகளுக்குப் போனவற்றில் ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டன. நாற்பத்து மூன்று மட்டும் வரவில்லை. யார் வாங்கினார்கள் என்று கடைக்காரர்களுக்கு நினைவில்லை. பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்தார்கள். கும்பகோணத்திலும் பாபநாசத்திலும் மூன்று நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் பார்த்தார்கள். அறிவிப்பில் சுடர்விழியின் போன் எண்ணைத்தான் போட்டிருந்தார்கள். அவளே கேட்டுப் போடச்செய்தது.

முதல் வாரத்தில், ஆளுக்கொரு பாக்கெட் வாங்கிய ஆறு பேர் கூப்பிட்டார்கள். ஆறு பேரும் நல்லபடியாக இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், தன் கணவருக்கும் டயாலிசிஸ்தான் என்றும் பாக்கெட் வாங்கி அலமாரியில் வைத்தது இன்னும் பிரிக்காமல் இருக்கிறதென்றும் சொன்னாள். அதைக் கேட்டுவிட்டுச் சுடர்விழி ஆய்வறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. மீதி முப்பத்தேழு பாக்கெட்டும் எந்த வீட்டு அடுப்படியில் இருக்கின்றனவோ, எவர் குடித்துத் தீர்த்தாரோ, தெரியவில்லை. தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அவள் இப்போதும் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, முதல் மணியிலேயே எடுக்கிறாள்.